தாளில் இல்லாத கோடு

ஆடி 5, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட மிளகாயில் பாதி பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. அவர்கள் அதைத் தங்கள் மிளகாயோடு சேர்த்து அள்ளிக்கொண்டு உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன். கேட்கவா முடியும்? மிளகாயில் பெயரா எழுதியிருக்கிறது?

பத்து மணிக்கு மல்லிகாவின் போன். விருதுநகரில் என்னோடு இயற்பியல் படித்தவள், இப்போது அங்கேயே ஒரு கல்லூரியில் துறைத் தலைவி. ஆடி இருபத்தாறாம் தேதி மாணவிகளிடம் நான் பேச வேண்டுமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலாளர் ஒருவர், அவர் அறிவியலுக்கும் தத்துவத்துக்கும் செய்தது என்ன. "யாரை வேணும்னாலும் எடுத்துக்கோடி. முக்கால் மணி நேரம். ஒனக்கு வாய்க்கு என்ன குறைச்சல்?" எம்.எஸ்ஸி. முடித்த கையோடு சிவகாசிக்கு மருமகளாக வந்தவள் நான். அதற்குப் பிறகு நான் படித்த இயற்பியலெல்லாம் குக்கர் விசில்தான். முடியாது என்று சொல்ல வாயெடுத்து, சரி என்று சொல்லிவிட்டேன். காரணம் தெரியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

வாங்க: உளுந்து, விளக்குத்திரி, ஓரகத்தி ஜெயாவுக்குத் தலைவலித் தைலம், ஒரு கோடு போட்ட நோட்டு (பேச்சுக்கு).

இவரும் கொழுந்தன் செல்வமும் இன்றும் பேசிக்கொள்ளவில்லை. அச்சகம் இரண்டு பேருக்கும் பொது. இவர் ஆர்டர் பிடிப்பார், பார்ட்டிகளைப் பார்ப்பார். செல்வம் மெசினைப் பார்ப்பான். இத்தனை வருஷம் ஓடிய வண்டி எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி அண்ணாச்சியின் புஸ்வாணப் பெட்டி லேபிளில் வந்து சிக்கிவிட்டது. லேபிளில் ராத்திரி வானம். அடியில் அடர்நீலம், நடுவில் மெல்ல மெல்ல வெளுத்து, மேலே இளநீலம். அடர்நீலம் வெளுக்கத் தொடங்கும் இடத்தில் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. வெளுத்து முடியும் இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு. யாரும் போடாத கோடுகள். அண்ணாச்சி முழு லோடையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

இவர் சொல்வது: செல்வம் பிடிவாதமாக வாங்கிப்போட்ட பழைய மெசின்தான் காரணம். செல்வம் சொல்வது: அண்ணன் சிக்கனம் பார்த்துப் புது ஆளிடம் செய்யக் கொடுத்த அச்சு பிளேட்தான் காரணம். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு,

"கோமதி, ரோலரக் கழத்திப் பாத்தானான்னு அவன்ட்ட கேளு."

"மதினி, ரெண்டு தடவ கழத்திப் பாத்தாச்சுன்னு அண்ணன்ட்ட சொல்லுங்க."

நடுவில் நான். தபால் ஆபீஸ். ஆடியில் பாகம் பேசக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்று இவர் நேற்று என் மூலமாகவே சொல்லி அனுப்பிவிட்டார். அச்சகம் மட்டுமில்லை. வீடும். கூடத்தின் நடுவில் சுவர் வரும். அடுப்படி என் பக்கம், கிணறு ஜெயா பக்கம்.

ஆடி 6, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. கண்ணில் தூசி.

மத்தியானம் போனில் படித்துக்கொண்டே இருந்து ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. ஆள் கிடைத்துவிட்டார். ஆஸ்திரியாக்காரர். போர் விமானங்களின் வேகத்தைச் சொல்லும் எண்ணுக்கு அவர் பெயர்தான். அந்தப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று எனக்கு முடிவாகவில்லை. அதுவரை தாடிக்காரர். சுருக்கமாகத் தா. படத்தில் தாடி அப்படி.

தா. பற்றி இதுவரை:
- பறக்கும் துப்பாக்கிக் குண்டைப் படம் எடுத்தவர். குண்டின் மூக்குக்கு முன்னால் காற்று மடங்கி அலையாக நிற்பது அந்தப் படத்தில் தெரிகிறது.
- வாளித் தண்ணீரைச் சுழற்றினால் ஓரத்தில் ஏறுகிறதே, அது எதைப் பொறுத்துச் சுழல்வதால் ஏறுகிறது என்று கேட்டார். வெற்று வெளியையா? அதை யார் பார்த்தார்கள்? தூரத்து நட்சத்திரங்களைப் பொறுத்து என்று ஏன் சொல்லக் கூடாது? இதைப் படித்து வளர்ந்த ஓர் இளைஞர்தான் பிறகு சார்பியலைக் கொண்டுவந்தது.
- நமக்குக் கிடைப்பதெல்லாம் புலன்களில் படுவதுதான். நிறம், சத்தம், சூடு, அழுத்தம். அதற்கு மேல் பேசுவது கதை.
- அணு? பார்த்தீர்களா என்று கேட்டாராம். கடைசிவரை மனசு இளகவில்லை. அங்கே தோற்றுவிட்டார்.

பிடித்திருக்கிறது. பிடிவாதக்காரர்களோடு எனக்குப் பழக்கம் உண்டு.

ஆடி 8, வியாழன்

அமாவாசை. வாழைக்காய், அவரை, பூசணி, பாயசம். காக்கைக்கு வைத்தது. காக்கை வர நேரமானது. அது எந்த வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததோ.

செல்வம் சாப்பிட வரவில்லை. தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். மெசினைப் பிரித்துப்போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான், முழங்கை வரை மை. எங்கே பார்த்தாலும் ஓட்டிப் பார்த்த தாள். எல்லாத் தாளிலும் ராத்திரி வானம், எல்லா வானத்திலும் கோடு.

"ரப்பர் பிளாங்கெட்ட மாத்துனேன், ரோலர மாத்துனேன், மைய மாத்துனேன். கோடு போக மாட்டேங்கு மதினி. ஆனா ஒரு கூத்து பாருங்க" என்று லென்ஸைக் கொடுத்தான். வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்ன நீலப் புள்ளிகள், சீராக. கோடு இல்லை. லென்ஸை எடுத்தால் கோடு. வைத்தால் இல்லை.

"லென்சுல மாட்ட மாட்டேங்கு. கண்ணுல மாட்டுது. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போல இருக்கு."

சாப்பிட வைத்தேன். பாயசத்தில் பாதியை வைத்துவிட்டான். பாயசத்தை மிச்சம் வைக்கிற பிள்ளையா இவன்? நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடத்துப் பையன், அடுப்படியில் திருடித் தின்றவன். அழுகை வந்தது. தூக்குவாளியை மூடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஆடி 9, வெள்ளி

அம்மன் கோவிலில் கூழ். நானும் ஜெயாவும் சொம்போடு வரிசையில். ஜெயா எனக்கு ஓரகத்தி மட்டுமில்லை, இந்த வீட்டில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி.

வரிசையில் நிற்கும்போது மேற்கே ஒரு சத்தம். பெரிதில்லை, ஆனால் அடிவயிற்றில் கேட்கிற மாதிரி. கோவில் கதவு ஒரு தடவை அதிர்ந்தது. அவ்வளவு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கரண்டி அந்தரத்தில். பிறகு எல்லார் கையிலும் போன். "வெம்பக்கோட்டப் பக்கமா?" "புதுப்பட்டியா?" "எங்க வீட்டுக்காரர் எடுக்க மாட்டேங்காரே." எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் மகள் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுத் திரி வேலைக்குப் போகிறவள். அந்தப் பெண்ணுக்கு எண் அழுத்த வரவில்லை, ஜெயா அழுத்திக் கொடுத்தாள். மகள் எடுத்தாள். கல்குவாரியில் வெடி வைத்தார்களாம். அவ்வளவுதான்.

அந்தப் பெண் கூழை வாங்கி அங்கேயே நின்று குடித்து முடித்தாள். வரிசை மறுபடி நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் தா.வின் குண்டுப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். காற்று மடங்கி நிற்கிறது. அந்தக் கதவை அசைத்தது இந்த ஜாதி அலைதான். அவருக்கு அது படம். எங்களுக்கு அது போன் எடுக்கிறார்களா இல்லையா என்பது. அவரைக் குறை சொல்லவில்லை. படம் எடுத்ததால்தான் அலை எப்படிப் பரவும், பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் கணக்குக்கு வருகிறது. பேச்சில் இதைச் சொல்ல வேண்டும்.

ஆடி 12, திங்கள்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்.

மத்தியானம் மல்லிகா அனுப்பிய பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தா. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபிறகும் இடக்கையால் தட்டச்சு செய்து எழுதினாராம். அதற்கு முன்னால், சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு இடக்கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் வரைந்தாராம். மூக்கின் ஓரம், மீசை, நீட்டிய கால், ஜன்னல். தலை கிடையாது, தன் தலை தனக்குத் தெரியாதே. நானும் படுத்துப் பார்த்தேன். மூக்குத்தி, சேலை மடிப்பு, வளையல், கால் மெட்டி, அதற்கு அப்பால் நனைந்த துணி. இதுதான் கோமதி. இதை ரசித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைத் தள்ளினால்,

ராத்திரி வானம்!

நம் லேபிள் இல்லை. கறுப்பு வெள்ளை. ஒரு பக்கம் சீரான கறுமை, நடுவில் சரிவாக வெளுப்பு, மறுபக்கம் சீரான வெளுப்பு. சரிவு தொடங்கும் இடத்தில் கறுப்புக் கோடு. முடியும் இடத்தில் வெள்ளைக் கோடு. கீழே எழுதியிருக்கிறது: இந்தக் கோடுகள் படத்தில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கின்றன. கண்டு சொன்னவர் தாடிக்காரர்.

கண்ணின் உள்திரையில் ஒரு புள்ளி பக்கத்துப் புள்ளியை அமுக்குமாம். வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பது கூடுதலாக அமுங்கி இருட்டாகத் தெரியும், இருட்டுக்குப் பக்கத்தில் இருப்பது குறைவாக அமுங்கிப் பளிச்சென்று தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால்தான் வித்தியாசம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இது எனக்குத் தெரியாதா? ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் வைத்துக்கொண்டு சோறு போடுகிறவள் நான்.

அடுப்பில் எதுவும் இல்லை, நல்லவேளை.

ஆடி 13, செவ்வாய்

ஓடிப்போய்ச் செல்வத்திடம் காட்டினேன். லேபிளில் வெள்ளைக் கோடு தெரிகிற இடத்துக்கு மேலும் கீழும் இரண்டு வெள்ளைத் தாளை வைத்து, அந்தக் கீற்று மட்டும் தெரிகிற மாதிரி மறைத்தேன். கோடு போயிற்று. வெறும் இளநீலம். தாளை எடுத்தேன், வந்துவிட்டது. செல்வம் தானே வைத்தான், எடுத்தான், வைத்தான். மெசின்மேனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவரும் வைத்தார், எடுத்தார்.

"அப்ப மெசின் மேல தப்பு இல்ல!"

"பிளேட் மேலயும் தப்பு இல்ல" என்றேன்.

அது அவனுக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. "அதச் சொல்லாதீக" என்று சிரித்தான். பல நாளுக்குப் பிறகு சிரித்தான். போதும்.

ஆடி 14, புதன்

இவரிடம் காட்டினேன். சாப்பிட்ட கை ஈரத்தோடு நின்று பார்த்தார். தாளை வைத்தேன், எடுத்தேன். வைத்தேன், எடுத்தேன்.

"மறச்சா எதுவும் தெரியாது. என் மூஞ்சிய மறச்சா நானும் தெரிய மாட்டேன்."

"கோடு தாள்ல இல்லைங்க. நம்ம கண்ணுலதான்."

"எனக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியுது. அண்ணாச்சிக்குத் தெரியுது. அம்புட்டு பேருக்கும் தெரியுறத இல்லங்குற. தம்பிய விட்டுக்கொடுக்க மனசில்ல, அதான ஒனக்கு?"

கோபம் வந்தது. விட்டுக்கொடுக்க மனசில்லைதான், அதில் என்ன தப்பு என்று கேட்டேன். இவர் போய்ப் போட்டது டிவி.

மாடிக்குப் போய் நின்றேன். கொஞ்சம் ஆறியதும் ஒன்று உறைத்தது. தா. இங்கே இருந்தால் யார் பக்கம் நிற்பார்? புலனில் படுவதுதான் மிச்சம், அதற்கு மேல் பேசுவது கதை என்று சொன்ன மனிதர். கோடு புலனில் படுகிறது. புள்ளிகள் சீராக இருக்கின்றன என்பதை லென்ஸ் வழியாகத்தான் சொல்கிறேன். இவர் பக்கம்தான் நிற்பார் போலிருக்கிறது. ஆனால் கோடு எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்தவரும் அவரே. பொய் என்று தள்ளவில்லை, ஏன் தெரிகிறது என்று கேட்டார். நான் இவரிடம் "இல்லை, இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்குத்தான் பிடிக்கும்?

நாளை பால் பாக்கெட் இரண்டு கூடுதல்.

ஆடி 16, வெள்ளி

தா. செய்தது இது: வெள்ளை வட்டின் நடுவில் கறுப்பு நட்சத்திரம். வேகமாகச் சுழற்றினால் நட்சத்திரத்தின் முனைகள் கலந்து, நடுவில் கறுப்பு, பிறகு சாம்பல் சரிவு, பிறகு வெள்ளை. சரிவு முடியும் இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளை வளையம். வட்டில் அப்படி ஒரு வளையமே கிடையாது.

மெசின் இல்லை, பிளேட் இல்லை, மை இல்லை. யார் மேலும் பழி போட முடியாது.

பழைய மேசை விசிறி. வலையைக் கழற்றி, இறக்கையைக் கழற்றி, அட்டையை மாட்டித் திருகினேன். நட்சத்திரத்தை ஜெயா வெட்டினாள், அவளுக்குக் கோலக் கை. போட்டோம். அட்டை பறந்துபோய் அரிசி டப்பாவில் அடித்தது. மறுபடி. இந்தத் தடவை நடு ஓட்டை பெரிது, தள்ளாடியது. மூன்றாவது தடவை லேபிள் பெட்டியின் கெட்டி அட்டையில் வெட்டினோம். நின்றது. சுற்றியது.

ஜெயா: "யக்கா! வளையம்!"

சுவிட்சை அணைத்தால் வெறும் நட்சத்திரம். போட்டால் வளையம். ஜெயா பத்துத் தடவையாவது போட்டு அணைத்தாள். பிறகு திடீரென்று என் தோளில் சாய்ந்து, "சுவரு வைக்கிறப்ப ஒரு வாசலாச்சும் விடச் சொல்லுக்கா" என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. இந்த ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை இன்றைக்குத்தான் பூஜை போட்டு எடுப்பது. அச்சகத்தில் மாக்கோலம், மெசினுக்குச் சந்தனம் குங்குமம், மாதிரி ஆல்பத்துக்கு மாலை. இவர் ஒரு மூலையில், செல்வம் மறு மூலையில். ஒரே தட்டில் கற்பூரம், அதுவும் என் கையில்.

புதுப்பட்டி அண்ணாச்சி வந்தார். பார்ட்டிகள் எல்லாரும் வருகிற நாள். பொங்கல் சாப்பிட்டதும் இவரிடம், "லேபிள என்ன செஞ்சீக? ஆர்டர சாத்தூர்ல குடுத்துரவா?" என்றார். இவர் முகம் சிறுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குத் தயக்கமெல்லாம் போயிற்று. விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

"அண்ணாச்சி, எத்தன வளையம் தெரியுது?"

"ஒண்ணு. வெள்ளையா."

அணைத்தேன். அருகில் வந்து அட்டையை விரலால் தடவிப் பார்த்தார். "எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகல. இங்கன இல்லவே இல்ல. கண்ணு போட்டுக்கிடுது. ஒங்க லேபிள்லயும் அப்படித்தான்." தாளை வைத்து மறைத்தும் காட்டினேன். தா.வைப் பற்றி நாலு வார்த்தை. கூட்டம் கூடிவிட்டது. மை சப்ளை செய்கிறவர் தன் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அண்ணாச்சி நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ சொல்லுறது நெசந்தாம்மா. ஒத்துக்கிடுதேன். ஆனா எங்கிட்ட புஸ்வாணம் வாங்குறவனுக்கும் இதே கண்ணுதான? அவனுக்கும் கோடு தெரியும்லா? இந்த ஃபேனத் தூக்கிக்கிட்டு நான் கடைகடையாப் போயிக் காட்டவா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் அவர் கேட்டது ஞாயம். தா.வும் இதைத்தான் கேட்டிருப்பார்.

"சரி, அப்ப யாரு மேலதான் தப்பு?" என்றார் அண்ணாச்சி.

"யாரு மேலயும் இல்ல அண்ணாச்சி."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். இவரும் செல்வமும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தரை ஒருத்தர், ஒரு விநாடி. உடனே இவர் மாலையைச் சரிசெய்யப் போய்விட்டார்.

ஒரு வாரம் டயம் கொடுங்க, கோடு இல்லாம தாரோம் என்று அண்ணாச்சியிடம் சொன்னது நான். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

ஆடி 19, திங்கள்

தலைவலி. ஜெயாவின் தைலம்.

யோசித்தது: கண்ணை மாற்ற முடியாது. வானத்தை மாற்றலாம். சீரான நீலத்திலிருந்து சரிவு சட்டென்று மடங்குகிற இடத்தில்தான் கோடு பிறக்கிறது. மடங்காமல் வளைந்து போனால்? படிக்கட்டின் விளிம்பைச் சாணை பிடித்து மழுக்குகிற மாதிரி. டிசைன் செய்கிற பெண்ணோடு உட்கார்ந்தேன். சரிவின் இரண்டு முனையையும் வளைத்தாள். கம்ப்யூட்டர் திரையில் கோடு மங்கியது. இன்னும் வளை என்றேன். இன்னும் மங்கியது.

ஆனால் இவ்வளவு மெல்லிய மாற்றம் அச்சில் நிற்க வேண்டுமானால் பிளேட் நயமாக இருக்க வேண்டும், மெசினும் மை பிசகாமல் ஓட வேண்டும். அதாவது பிளேட்டுக்கு இவர், மெசினுக்குச் செல்வம். ஒருவர் போதாது.

"கோமதி, பழைய பிளேட்காரன்ட்டயே குடுத்துருக்கேன்னு அவன்ட்ட சொல்லு."

"மதினி, வெள்ளிக்கிளம மெசின் ரெடின்னு அண்ணன்ட்ட சொல்லுங்க."

தபால் ஆபீஸ் மூடவில்லை. ஆனால் தபால் கொஞ்சம் நல்ல தபால்.

ஆடி 23, வெள்ளி

புது லேபிளில் முதல் தாள். கோடு மங்கல், ஆனால் இருக்கிறது. செல்வம் தாளைக் கசக்கி எறிந்தான். இவர் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே போய்விட்டார். டிசைனை மறுபடி திருத்தச் சொன்னேன். அண்ணாச்சிக்குப் போன் செய்து ஆவணி பிறக்கட்டும் என்று கெஞ்சினேன். "ஒனக்காகத்தாம்மா" என்றார்.

பேச்சுக்கு இன்னும் ஒரு வரிகூட ஒழுங்காக எழுதவில்லை. காற்று குறைந்திருக்கிறது.

ஆடி 26, திங்கள்

விருதுநகர். பஸ்ஸில் விசிறி என் மடியில். கண்டக்டர், "அதுக்கு டிக்கட்டு வேண்டாம், போட்டு விட்டீகன்னா எனக்கும் காத்து வரும்" என்றார். சூலக்கரைப் பக்கம் ஏறிய ஒரு அம்மாள் விசிறி எவ்வளவுக்கு என்று விலை கேட்டாள்.

பேச்சு நடந்தது. முதல் ஐந்து நிமிஷம் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு வாளித் தண்ணீர், குண்டுப் படம், எங்கள் ஊர்ச் சத்தம், கூழ் வரிசை. அந்த இடத்துக்கு விளக்கமே வேண்டியிருக்கவில்லை, பாதிப் பெண்கள் நம் பக்கத்து ஊர்க்காரிகள். விசிறியைச் சுற்றியதும் கைதட்டல். அணு விஷயத்தில் அவர் தோற்றதையும் மறைக்காமல் சொன்னேன். கண்ணில் படாததை நம்ப மாட்டேன் என்றவர், கண்ணில் படுவது எல்லாம் வெளியே இல்லை என்று காட்டிவிட்டுப் போனார். இரண்டையும் ஒரே ஆள் செய்திருக்கிறார். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது என்றேன்.

திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். ஒல்லி, கண்ணாடி. "அப்ப எத நம்புறது மேம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். பக்கத்தில் இருக்கிறதை மறைத்துவிட்டு ஒரு தடவை பார், பிறகு எடுத்துவிட்டு ஒரு தடவை பார், இரண்டையும் வைத்துக்கொண்டு முடிவு செய் என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை ஒருத்தி எழுதிக்கொள்கிறாள்! மல்லிகா, அடுத்த பருவத்தில் வாரம் இரண்டு வகுப்பு எடுக்க வருகிறாயா என்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை, போவேன்.

ஆவணி 2, திங்கள்

நாளை மறுநாள் முகூர்த்தம். இவருடைய சித்தப்பா ராஜபாளையத்திலிருந்து வருகிறாராம், பாகம் பேச. இவர் போனில் "வாங்க" என்றதைக் கேட்டேன். குரலில் உற்சாகம் இல்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜெயா பாத்திரங்களைப் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டாள். எந்தக் குடம் யாருடையது என்று இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லை. "நீங்களே வச்சுக்கோங்கக்கா." "நீ வச்சுக்கோ." இப்படியே எல்லாக் குடமும் நடுவில் கிடக்கிறது.

சாயங்காலம் இவர் அறையில் கண்டது: மேசை விளக்கடியில் பழைய லேபிள். கையில் இரண்டு விசிட்டிங் கார்டு. வைக்கிறார், எடுக்கிறார். வைக்கிறார், எடுக்கிறார். நான் வந்தது தெரிந்ததும் கார்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "காப்பி இருக்கா?" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

பயமாகவும் இருக்கிறது, நம்பிக்கையாகவும் இருக்கிறது.

ஆவணி 4, புதன்

முகூர்த்தம் ஒன்பது முதல் பத்தரை. சித்தப்பா ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். இவர் விடியற்காலையிலேயே அச்சகத்துக்குப் போனவர், வரவில்லை. புது பிளேட் வந்திருக்கிறதாம். செல்வம் நேற்றே போனவன், அவனும் வரவில்லை.

"எங்கம்மா ரெண்டு பேரும்? நேரம் போகுதுல்லா?"

கூப்பிடப் போனேன். அச்சகம் இருக்கிற சந்துக்குள் திரும்பும்போதே சத்தம். மெசின் சத்தத்துக்கு மேலே மனிதச் சத்தம்.

"நீலத்தக் கூட்டாதலே, கூட்டாதங்கேன்! வானம் அப்பிப்போயிக் கெடக்கு!"

"நீங்க சும்மா இருங்கண்ணே! மெசின் எனக்குத் தெரியும்!"

"கிளிச்ச! மேல பாரு, வெள்ள முளிக்கிது!"

"அது ஒங்க பிளேட்டு!"

"பிளேட்டுல என்னலே இருக்கு? இங்கன வா, கிட்ட வந்து பாரு!"

வாசலில் நின்றேன். ஒரே தாளில் இரண்டு தலை. இவர் சட்டையில் மை. செல்வத்தின் மூக்கிலும் மை. தாளில் வானம், அடர்நீலத்திலிருந்து இளநீலத்துக்கு, எங்கே மாறுகிறது என்றே தெரியாமல். கோடு இல்லை. அதை இரண்டு பேரும் கவனித்த மாதிரியே இல்லை. வேறு ஏதோ புள்ளிக்குச் சண்டை.

சித்தப்பா வந்திருக்காக என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீ குறுக்க வராத கோமதி" என்றார் இவர், நிமிராமலே.

"ஆமா மதினி, இது எனக்கும் அண்ணனுக்கும்" என்றான் செல்வம்.

திரும்பிவிட்டேன். சந்து முழுக்க அவர்கள் சத்தம் கூடவே வந்தது. வீட்டில் சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவுக வர மாட்டாக மாமா, நீங்க சாப்பிடுங்க என்று சொல்லி இலையைப் போட்டேன். ஜெயா தோசைக்கல்லைக் காயவைத்தாள்.